குவென்காவின் ஏரிகளும் ஆறுகளும்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

தெற்கு ஈக்வடாரின் மலைநகரமான குவென்காவின் முழுப்பெயருக்குள்ளேயே நான்கு ஆறுகள் இருக்கின்றன: சாந்தா ஆனா தெ லோஸ் குவாத்ரோ ரியோஸ் தெ குவென்கா. டோமேபாம்பா, யானுன்காய், தார்கி, மச்சாங்கரா என்பவை அந்த நான்கும். ஊருக்கு மேற்கே ஒரு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் காஹாஸ் தேசியப் பூங்கா. பழைய பனியாறுகள் குடைந்துவிட்டுப் போன பள்ளங்களில் இருநூறுக்கும் மேற்பட்ட ஏரிகள் அங்கே கிடக்கின்றன. ஊர்க் குழாயில் வரும் தண்ணீரில் பெரும்பங்கு இந்த மலையிலிருந்துதான் வருகிறது. பூங்காவைப் பராமரிப்பதும் நகராட்சியின் குடிநீர் நிறுவனமான எதாபாதான். ஆகவே, நாம் கால் வைப்பது ஒரு ஊரின் குடிநீர்த் தொட்டியில். கீழே உள்ள அறிவுரைகளில் பாதி அதிலிருந்தே வருகிறது.

செய்ய வேண்டியவை

• முதல் இரண்டு நாள் ஊரிலேயே இருங்கள். குவென்காவே 2,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. காஹாஸில் உள்ள டோரெயடோரா ஏரி 3,900 மீட்டரைத் தாண்டிவிடும். கடலோர குவாயகிலிலிருந்து பேருந்தில் வருகிறவர்கள், போகிற வழிதானே என்று ஏரிக்கரையில் இறங்கிவிடுகிறார்கள். கடல்மட்டத்திலிருந்து சில மணி நேரத்தில் அந்த உயரத்துக்கு வந்த உடம்பு, தலைவலியும் குமட்டலுமாகத் தன் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். தலை சுற்றினால் கீழே இறங்குவதுதான் மருந்து.

• காலையிலேயே கிளம்புங்கள். பிற்பகலில் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஏரியும் தெரியாது, பாதையும் தெரியாது. நுழைவிடத்தில் பெயரைப் பதிவு செய்யச் சொல்வார்கள், சலித்துக்கொள்ளாமல் செய்யுங்கள். வழி தவறியவர்களைத் தேடும் வேலை அங்கே அடிக்கடி நடக்கிறது.

• மழைச்சட்டை, கம்பளி, தொப்பி, வெயில் தடுப்புக் களிம்பு எல்லாமே வேண்டும். பூமத்திய ரேகைக்கு மூன்று பாகைதான் தள்ளி இருக்கிறோம். குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கும்போதே மூக்கு கருகிவிடும்.

• பூங்காவின் திரெஸ் குருசெஸ் கணவாயில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். 4,100 மீட்டருக்கு மேலான இந்த மேட்டில் பெய்யும் மழை இரண்டாகப் பிரிகிறது. மேற்கே விழுந்த துளி பசிபிக்குக்குப் போகும். கிழக்கே விழுந்தது டோமேபாம்பா, பௌத்தே என்று ஆறு மாறி மாறி அமேசானைப் பிடித்து, ஒரு கண்டத்தையே கடந்து அட்லாண்டிக்கில் சேரும்.

• திரும்பும் வழியில் சாலையோரக் கடைகளில் ட்ரவுட் மீன் சாப்பிடுங்கள். சூடான உருளைக்கிழங்கு சூப்போடு சாப்பிட்டால் கை விறைப்பு போய்விடும்.

செய்யக்கூடாதவை

• பாதையை விட்டு இறங்காதீர்கள். எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இதுதான். பாரமோ என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லும் அந்த உயர்மலைப் புல்வெளி, பார்வைக்கு வெறும் காய்ந்த புல். குனிந்து, பச்சை மெத்தைபோல் திரண்டிருக்கும் செடிமேட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். விரலிடுக்கில் தண்ணீர் ஊறும். மழையையும் பனியையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழையில்லாத நாளிலும் ஆற்றுக்குச் சொட்டுச் சொட்டாக விடுவது இந்த மெத்தையும் அதன் கீழுள்ள கறுப்பு மண்ணும்தான். ஒரு பூட்ஸ் தடம் பதிந்தால் ஆற வருடக்கணக்காகும்.

• காகித மரத்தின் பட்டையை உரிக்காதீர்கள். செம்பழுப்பில் ஏடு ஏடாகத் தொங்குவதைப் பார்த்தால் கை பரபரக்கும். குளிரிலிருந்து அந்த மரத்தைக் காக்கும் போர்வை அது.

• தீ மூட்டாதீர்கள், சிகரெட் துண்டைக்கூடப் போடாதீர்கள். 2024-இல் கடும் வறட்சியில் ஊரின் ஆறுகளில் கற்கள்தான் தெரிந்தன. நவம்பரில் காஹாஸ் பற்றி எரிந்தது. பௌத்தே ஆற்றின் அணைகளில் நீர் குறைந்ததும் நாடு முழுக்க மின்வெட்டு.

• ஏரியில் குளிப்பது, பாத்திரம் கழுவுவது, சோப்பு போடுவது எதுவும் வேண்டாம். காரணம் சொல்லியாயிற்று.

• ஊருக்குள் டோமேபாம்பா கரையில், எல் பரான்கோ பக்கம், உலாவ அருமையான இடம். ஆனால் மேற்கே மலை கறுத்திருந்தால் தண்ணீர் ஓரமாக உட்காராதீர்கள். நகரத்தில் வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை திடீரென வந்துவிடும். 1950 வெள்ளத்தில் பாதி அடித்துப்போன கல்பாலம் இன்றும் அப்படியே நிற்கிறது. பெயரே ‘புவெந்தே ரோட்டோ’, உடைந்த பாலம்.

• தண்ணீர் பற்றிப் பேச்சு வந்தால், வெளியூர்க்காரராக அறிவுரை சொல்லாதீர்கள். தார்கிக்கும் யானுன்காய்க்கும் ஊற்றாக இருக்கும் கிம்சாகோச்சா மேட்டில் தங்கச் சுரங்கம் வருவதை ஊர்க்காரர்கள் பல வருடமாக எதிர்த்தவர்கள். 2021-இல் நடந்த வாக்கெடுப்பில் 80 சதவீதத்துக்கு மேலானவர்கள், ஆறுகளின் நீர்ப்பிடிப்பில் சுரங்கம் கூடாது என்றார்கள். 2025 செப்டம்பரில் தெருவை நிரப்பிய பேரணிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘ஐந்தாவது ஆறு’. அடுத்த மாதமே சுரங்கத்தின் சுற்றுச்சூழல் உரிமத்தை அரசு ரத்து செய்தது.