கரண்ட் போய் வந்தாலும் தானாக எழுகிற பெட்டி

மாடித் தொட்டி நிறைந்ததும் மோட்டார் நிற்க வேண்டும். இருட்டியதும் வாசல் விளக்கு எரிய வேண்டும். சென்னையில் இருக்கும் பிள்ளை போனிலேயே இதையெல்லாம் பார்க்க வேண்டும். ஸ்மார்ட் சுவிட்ச், சென்சார்களோடு, வீட்டில் இரவு பகலாக ஓடும் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றும், ‘ஹோம் அசிஸ்டென்ட்’ என்ற இலவச மென்பொருளும் இருந்தால் போதும். ஆனால் விழுப்புரம் மாவட்டம் மேல்சித்தாமூர் போன்ற ஊரில் கம்ப்யூட்டரின் வேகத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. கரண்ட் போய் வந்தால் யாரும் தொடாமலே எழுமா என்று பார்த்து வாங்க வேண்டும்.

1. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அதனால் விண்டோஸ் 11 ஏற்காத ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் பெட்டிகளை அலுவலகங்கள் கழித்துவிடுகின்றன. ஹோம் அசிஸ்டென்ட் லினக்ஸில் ஓடுவது. நமக்கு விண்டோஸே வேண்டாம். டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்.பி. எலைட்டெஸ்க் மினி ஆகியவற்றைச் சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டில் கேட்டுப் பாருங்கள். 8 ஜிபி ராம், 128 ஜிபி எஸ்.எஸ்.டி. தாராளம். அடாப்டரையும் சேர்த்தே வாங்குங்கள்.

2. காசு கொடுக்கும் முன் கடையிலேயே ஒரு சோதனை. பயாஸ் என்ற தொடக்க அமைப்புத் திரைக்குள் போனால் டெல்லில் ‘ஏசி ரெக்கவரி’, மற்ற இரண்டிலும் ‘ஆஃப்டர் பவர் லாஸ்’ என்று ஒன்று இருக்கும். அதை ‘பவர் ஆன்’ என்று மாற்றி, பெட்டி ஓடும்போதே பிளக்கைப் பிடுங்குங்கள். அரை நிமிடம் கழித்துச் சொருகினால் பட்டனைத் தொடாமலே எழ வேண்டும். எழவில்லையா, வேறு பெட்டி பாருங்கள். உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி தீர்ந்திருந்தால் இந்த அமைப்பு அழிந்துபோகலாம், சி.ஆர். 2032 என்று கேட்டுப் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

3. பழைய பெரிய டெஸ்க்டாப் சும்மா கிடக்கிறதே என்று எடுக்காதீர்கள். 60 வாட் இழுத்தால் இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் பெரும் பங்கை அதுவே தின்றுவிடும். 10 வாட் மினி பெட்டிக்கு 14 யூனிட்தான்.

4. பள்ளியில் அரசு கொடுத்த 64 பிட் லேப்டாப் வீட்டில் இருந்தால், பழகிப் பார்க்க நல்லது. பேட்டரியே யு.பி.எஸ். மூடினாலும் தூங்காதபடி அமைக்க வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் கையே வைக்காதீர்கள். பேட்டரி தீரும்வரை கரண்ட் வராவிட்டால், பெரும்பாலான லேப்டாப்கள் தானாக எழாது என்பதுதான் குறை.

5. ராஸ்பெர்ரி பை என்ற கையகலக் கம்ப்யூட்டர் வாங்கினால் போன் சார்ஜரில் ஓட்டாதீர்கள். பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர், பை 5-க்கு 5 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். ஓயாமல் எழுதுவதும் திடீரென்று கரண்ட் போவதும் எஸ்.டி. கார்டைக் கெடுக்கும், எஸ்.எஸ்.டி.யில் போடுங்கள். பை 4-ல் கடிகார பேட்டரி கிடையாது. கரண்ட் வந்து நெட் வராவிட்டால் மணி தப்பும், விளக்கும் கண்ட நேரத்தில் எரியும்.

6. பெட்டியை இன்வெர்ட்டர் லைனில் இணைத்து, இன்வெர்ட்டரை ‘யு.பி.எஸ்.’ முறையில் வையுங்கள். ரூட்டரையும் அதே லைனில் சேருங்கள். இடி மழைக்குப் பெட்டி, ரூட்டர் வயர்களைக் கழற்றிவிடுவதே நல்லது.

7. பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். 2024 ஃபெஞ்சல் புயலில் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தலை உயரத்தில் ஒரு பலகை அடியுங்கள்.

8. மோட்டாரை 10 ஆம்பியர் ஸ்மார்ட் சுவிட்சில் நேரே மாட்டாதீர்கள். கிளம்பும்போது ஓடுவதைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்கவே நிற்காது. சுவிட்ச் கான்டாக்டர் என்ற பெரிய மின் சுவிட்சை இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். இந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். தொட்டியில் சாதாரண ஃப்ளோட் சுவிட்சும் இருக்கட்டும். கம்ப்யூட்டர் படுத்துவிட்டாலும் அது மோட்டாரை நிறுத்தும்.