நிலப்படமும் பள்ளிக்கூடமும்

ஊர்தோறும் பள்ளி வேண்டும் என்பதை இன்று மறுப்பார் எவருமிலர். ஆயின், அப்பள்ளி எவ்விடத்தில் அமைதல் வேண்டும் என்பது எளிதில் விடை கூறத்தக்க வினாவன்று. செல்வாக்குடையோர் வாழும் ஊர், கேளாமலே பள்ளியைப் பெறுதல் கூடும். கேட்பாரற்ற சிற்றூர் பல்லாண்டு காத்திருத்தலும் கூடும். ஆறு வயதுக் குழந்தை தன் குறையை எடுத்துரைத்து வழக்காட வல்லதன்று. அதன் பொருட்டுப் பேசுவதற்கு நடுநிலை பிறழாத சான்று ஒன்று வேண்டும். கணினி வழி வரையப்படும் நிலப்படம் அத்தகைய சான்றாகும்.

காமராசர் முதலமைச்சராக விளங்கிய 1954 முதல் 1963 வரையிலான காலத்தில், நம் மாநிலத்துச் சிற்றூர்களில் தொடக்கப்பள்ளிகள் பல தோன்றின. பின்னர், 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் நடுவணரசு 2010இல் வகுத்த விதிகள், ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளி நடந்து செல்லத்தக்க 1 கிலோமீட்டர்த் தொலைவிலும், ஆறு முதல் எட்டு வரையுள்ள பள்ளி 3 கிலோமீட்டர்த் தொலைவிலும் இருத்தல் வேண்டும் என்கின்றன. பள்ளிகளின் இருப்பிடத்தை ஆண்டுதோறும் படமிட்டு ஆராய்தலும் கடமையென அவ்விதிகள் கூறுகின்றன.

அப்படம் உருவாகும் முறையைக் காண்போம். செயற்கைக்கோள்களின் குறிப்பலைகளை ஏற்கும் சிறு கருவியொன்றைப் பள்ளி வாயிலில் வைத்தால், அவ்விடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் தெரியவரும். கணினியில் அப்பள்ளி ஒரு புள்ளியாகும். குடியிருப்புகள், சாலைகள், ஓடைகள், குன்றுகள் ஆகியவை தனித்தனிப் படலங்களாக வரையப்பெறும். கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாற்போல அவற்றைச் சேர்த்துக் காணலாம். ஒவ்வொரு பள்ளியையும் நடுவாகக் கொண்டு 1 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம் வரைந்தால், எவ்வட்டத்துள்ளும் அடங்காத குடியிருப்புகள் உடனே புலப்படும்.

ஆயினும், வட்டம் மட்டும் போதுமோ? போதாது. நாமக்கல் மாவட்டத்தையே நோக்குவோம். இராசிபுரம், திருச்செங்கோடு முதலிய சமவெளிப் பகுதிகளில் வட்டம் பெரும்பாலும் பொய்யுரையாது. கொல்லிமலையின் நிலையோ வேறு. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன என்றால், அம்மலையின் இயல்பைச் சொல்ல வேண்டுவதில்லை. மலைமீது வளப்பூர் நாடு, அரியூர் நாடு, வாழவந்தி நாடு எனப் பல நாடுகளில் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. அங்கே பறவைக்கு அரைக் கிலோமீட்டராக இருக்கும் வழி, குழந்தைக்குப் பள்ளத்தாக்கில் இறங்கி ஏறும் நெடுவழியாக இருத்தல் கூடும். மழைக்காலத்தில் ஓடை பெருகினால் அவ்வழியும் அடைபடும். ஆதலின், நேர்கோட்டுத் தொலைவை விடுத்து, நடைவழித் தொலைவையே கணக்கிடுதல் வேண்டும். கடினமான நிலப்பகுதிகளில் தொலைவின் வரம்பைக் குறைத்துக்கொள்ளவும் விதிகள் இடந்தருகின்றன.

பள்ளிக்கு வேண்டுவனவற்றைப் பகிர்ந்தளிக்கவும் இப்படம் துணைபுரியும். நாட்டின் பள்ளிகளுக்கெல்லாம் 11 இலக்கக் குறியீட்டெண் வழங்கப்படுகிறது. அதன் வழியே மாணவர் தொகை, வகுப்பறை, குடிநீர், கழிப்பறை பற்றிய செய்திகளைப் புள்ளியோடு இணைக்கலாம். தொடக்கப்பள்ளியில் 60 மாணவர் வரை இரண்டு ஆசிரியரும், 61 முதல் 90 வரை மூவரும் வேண்டும் என்பது சட்டம். இவ்வளவிற் குறைந்த பள்ளிகளைத் தனி நிறத்தால் காட்டினால், குறை எங்குள்ளது என்பது ஒரு நோக்கிலேயே விளங்கும்.

மற்றொரு நன்மையும் உண்டு. பயில்வோர் பதின்மரே என்று கண்டால், அப்பள்ளியை மூடி அடுத்த பள்ளியோடு இணைத்துவிடலாம் என்று ஏட்டுக் கணக்கு கூறும். நிலப்படமோ, அடுத்த பள்ளி எவ்வளவு தொலைவு, இடையில் ஓடை உண்டா, பாலம் உண்டா என்று கேட்கும். அவ்வினாக்களுக்கு விடை காணாமல் பள்ளியை மூடுதல், அப்பதின்மரின் கல்வியை மூடுதலாகவும் முடியலாம்.

எனினும், கணினி தானாக எதையும் அறிவதில்லை. கால்நடையாகச் சென்று கண்டவர் தந்த செய்தியையே அது காட்டும். புதிய குடியிருப்பும் இடிந்த பாலமும் குறிக்கப்படாவிடின், படம் அழகாயிருந்தும் பயனில்லை.

மாணவர்களே! நீங்களும் இப்பணியைச் செய்யலாம். உங்கள் ஊரின் படத்தை வரைந்து, நும்மோடு பயில்வோர் நாள்தோறும் நடந்து வரும் வழியைக் குறியுங்கள். மிக நெடுந்தொலைவு நடந்து வருபவர் யார் என்பதை முதலில் கண்டறியுங்கள்.