இடர் வரும் நாளில் இல்லம்

குடும்பத்தை "இல்லத் திருச்சபை" என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ஆம் ஆண்டில் அழைத்தது. அந்தச் சிறிய திருச்சபையின் உறுதி, அரிசிப் பானை நிறைந்திருக்கும் நாளில் வெளிப்படுவதில்லை. பானை காலியாகும் நாளில்தான் யார் யாருக்காக விட்டுக்கொடுக்கிறார்கள் என்பது தெரிகிறது. ஆகவே துன்பக் காலத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதை இக்கட்டுரையில் சிந்திப்போம்.

நம் ஊரும் நம் பிழைப்பும்

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் நிறுவப்பட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல் உருவாயிற்று. பூந்தமல்லி வழியாகத் திருப்பெரும்புதூர் ஆலைகளுக்கு நாள்தோறும் தொழிலாளர்கள் சென்று வருகின்றனர். ஏரிப்பாசனத்தை நம்பியிருந்த சிற்றூர்களின் மக்கள் இவ்வாறு இயந்திரத்தை நம்பி வாழலாயினர்.

இந்தப் பிழைப்பு ஒரு சங்கிலியைப் போன்றது. பெரிய ஆலையில் வண்டி உற்பத்தி குறைந்தால், அதற்கு உதிரிப்பாகம் செய்யும் சிறு பட்டறையில் கடைசல் இயந்திரம் நிற்கும். பட்டறை நின்றால் வாரக்கூலி நிற்கும். வாரக்கூலி நின்றால் மளிகைக் கடைக்காரர், தையற்காரர், ஆட்டோ ஓட்டுநர் ஆகியோரின் வருவாயும் குறையும். 2019-இல் நாடெங்கும் வாகன விற்பனை சரிந்தபோது இச்சங்கிலி தளர்ந்தது. 2020 மார்ச் 25-ஆம் நாள் பெருந்தொற்றை முன்னிட்டு ஊரடங்கு தொடங்கியபோது அது ஒரே நாளில் அறுந்தது. மே மாத இறுதியில் கால்பங்குத் தொழிலாளருடன் தொழிற்பேட்டைகள் திறக்கப்பட்டன. ஆனால் ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் திருவள்ளூர் உள்ளிட்ட அண்டை மாவட்டங்களின் பகுதிகளிலும் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. நிரந்தர வேலையில் இருந்தவர் ஓரளவு தாங்கினர். ஒப்பந்தக் கூலிகளுக்குத் தாங்கச் சேமிப்பு இல்லை.

வறுமை எந்த வழியாக நுழைகிறது?

வறுமை வீட்டிற்குள் ஒரே நாளில் நுழைவதில்லை; படிப்படியாக நுழைகிறது. முதலில் பாலும் கறியும் நிற்கின்றன. பிறகு தோடும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போகின்றன. அதன்பின் வட்டிக்குக் கடன் வருகிறது. அடுத்து, எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்ணும் தாய், மிஞ்சவில்லை என்றால் "எனக்குப் பசியில்லை" என்கிறாள். கடைசியில் மகளின் படிப்பு நிற்கிறது. "தம்பி படிக்கட்டும், நீ வீட்டைப் பார்" என்றோ, "நல்ல வரன் வந்திருக்கிறது" என்றோ அதற்குக் காரணம் சொல்லப்படுகிறது.

இந்த வரிசையை ஊன்றிக் கவனியுங்கள். வீட்டின் சுமை, அதைச் சொல்லி அழ முடியாதவர்களின் தோளிலேயே இறங்குகிறது. கிறிஸ்தவக் குடும்பம் மாற்றி எழுத வேண்டியது இந்த வரிசையைத்தான். எதைக் குறைத்தாலும் தாயின் தட்டும் மகளின் புத்தகமும் கடைசி வரை காக்கப்பட வேண்டும்.

நாசரேத்துக் குடும்பம்

திருக்குடும்பம் வறுமை அறியாத குடும்பம் அன்று. குழந்தை இயேசுவை ஆலயத்தில் ஒப்புக்கொடுத்தபோது மரியாளும் சூசையப்பரும் அளித்தது புறாக் காணிக்கை. ஆட்டுக்குட்டி வாங்க இயலாத ஏழைக்கு மோசேயின் சட்டம் அனுமதித்த காணிக்கை அது. பின்னர் ஏரோதின் வாளுக்குத் தப்பி அவர்கள் எகிப்துக்கு ஓடினர். அந்நிய நாட்டில் வீடும் வேலையும் தேட வேண்டிய நிலை அவர்களுக்கு வந்தது.

அவ்வேளையில் சூசையப்பர் செய்தது என்ன? இரவோடு இரவாக எழுந்து, தாயையும் சேயையும் முதலில் காப்பாற்றினார். அந்த வீட்டில் வலியவர் சுமையைத் தம் தோளில் ஏற்றுக்கொண்டார், எளியவர்மேல் இறக்கவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 டிசம்பர் 8-ஆம் நாள், திருத்தந்தை பிரான்சிஸ் புனித சூசையப்பர் ஆண்டைத் தொடங்கிவைத்து எழுதிய திருமடலில் அவரது இந்தத் துணிவையே எடுத்துக்காட்டினார்.

திருச்சபையின் போதனை

ஏழைகள் பொறுமையாக இருந்தால் போதும் என்று திருச்சபை சொல்வதில்லை. 1891-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலைபற்றித் திருமடல் வரைந்தார். பசிக்கு அஞ்சி ஒருவன் குறைந்த கூலிக்கு இசைந்தாலும் அது நீதியான கூலி ஆகிவிடாது என்பது அவர் போதனை. ஒரு குடும்பம் வாழப் போதுமான ஊதியம் தரப்பட வேண்டும் என்று 1981-இல் இரண்டாம் அருள் சின்னப்பரும் வலியுறுத்தினார். 2025-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட திருத்தந்தை, 13-ஆம் சிங்கராயரை மனத்திற்கொண்டே லியோ என்னும் அதே பெயரைத் தாம் ஏற்றதாகக் கூறினார். ஆகவே தருமம் செய்பவர் கூலியில் குறை வைத்தால், அது தருமமாகாது. நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அம்மாவின் சம்பளத்திற்கும் இது பொருந்தும்.

மாணவர் தொடங்கிய பணி

1832-இல் பாரிஸ் நகரைக் காலரா நோய் வாட்டியது. அடுத்த ஆண்டில் பிரெடெரிக் ஓசானாம் என்னும் 20 வயது மாணவர் தம் தோழர்களுடன் ஏழைகளின் வீடுகளுக்குச் செல்லத் தொடங்கினார். பிறரன்புக் கன்னியரான ரோசலி ரான்டூ அவர்களுக்கு வழிகாட்டினார். உதவியை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பாமல், உள்ளே சென்று அமர்ந்து பேசி, ஏழையை நண்பராகக் கொள்ள அவர் கற்பித்தார். அப்படிப் பிறந்ததே வின்சென்ட் தே பவுல் சபை. இன்று நம் பங்குகளிலும் அச்சபையினர் வீடுவீடாகச் சென்று வருகின்றனர். ஓசானாம் 1997-இலும், சகோதரி ரோசலி 2003-இலும் முத்திப்பேறு பெற்றவர்களாக உயர்த்தப்பட்டனர்.

நம் இல்லங்களில் செய்யத் தக்கவை

1. வரவு செலவைக் குடும்பமாக அமர்ந்து எழுதுங்கள். இரவுச் செபமாலைக்குப் பின் கால் மணி நேரம் போதும். அப்பாவின் வேலை போனதைப் பிள்ளைகளுக்கு மறைப்பதால் பயமே வளரும்.

2. கந்துவட்டிக்கு அஞ்சுங்கள். நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் வட்டியில் 10,000 ரூபாய் வாங்கினால், ஓராண்டில் 12,000 ரூபாய் வட்டி கட்டியபின்னும் முதல் அப்படியே நிற்கும். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. மகளிர் சுய உதவிக் குழுவின் கடன் இவற்றைவிடப் பாதுகாப்பானது.

3. உரிமையைக் கேட்க வெட்கப்படாதீர்கள். 2020 ஏப்ரலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும் இலவச உணவுப் பொருள்களும், 2021 மே, ஜூன் மாதங்களில் தவணைக்கு 2,000 ரூபாயாக 4,000 ரூபாயும் வழங்கப்பட்டன. குடும்ப அட்டையைச் சரியாக வைத்திருந்தவருக்கு அவை தடையின்றிக் கிடைத்தன.

4. மகளின் படிப்பை நிறுத்தாதீர்கள். கல்லூரி செல்லும் அரசுப் பள்ளி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கியது. 2024-இல் அது அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் பயின்றவர்களுக்கும் விரிவாக்கப்பட்டது. 18 வயதுக்கு முன் திருமணம் சட்டப்படி குற்றம். அத்தகைய நெருக்கடி உள்ள சிறுமிக்காக 1098 என்னும் எண்ணுக்கு யாரும் பேசலாம்.

மாணவியரே, உங்கள் வகுப்பில் மதிய உணவுப் பெட்டியைத் திறக்காமல் "பசியில்லை" என்று சொல்லும் தோழி இருக்கக்கூடும். அவளை ஆராயாதீர்கள், பிறரிடம் பேசாதீர்கள். அருகில் அமர்ந்து பகிர்ந்து உண்ணுங்கள். கட்டணம் செலுத்த இயலாமல் அவள் தவித்தால் ஆசிரியையிடமோ சகோதரியரிடமோ அமைதியாகச் சொல்லுங்கள். பெற்றோரே, இன்றிரவு உணவு வேளையில் ஒன்றை மட்டும் பாருங்கள்: தாய் எல்லோருடனும் அமர்ந்து உண்கிறாளா? திருக்குடும்பம் நம் இல்லங்களைக் காப்பதாக.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. நம் வீட்டில் பணம் குறைந்தால் முதலில் நிறுத்தப்படுவது எது? அது யாருக்கு உரியது?
2. தருமத்திற்கும் நீதியான கூலிக்கும் உள்ள வேறுபாடு என்ன?
3. நம் தெருவில் நாம் இதுவரை உள்ளே சென்று அமராத வீடு எது?