அடிபட்டு வளர்ந்தவர்களின் இல்வாழ்க்கை





சிறுவயதில் வீட்டில் அடிபட்டு வளர்ந்தவர்களும், அப்பா அம்மாவை அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களும் பின்னாளில் துணையை அடிக்கவோ துணையிடம் அடிபடவோ மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். இந்தியாவில் 7 இடங்களில் பெண்களிடம் நடத்தி 2007-இல் வெளியான ஓர் ஆய்வில் சென்னையும் வேலூரும் இருந்தன. தாய் அடிபடுவதைப் பார்த்து வளர்ந்த பெண்கள் கணவனிடம் அடிபடுவது அதிகம் என்றும், கணவனின் குடி அதை மேலும் கூட்டுகிறது என்றும் அது காட்டியது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளாகியிருந்தார்கள்.

வன்முறை இப்படித் தலைமுறை தாண்டித் தொடர்வதன் வேர் அன்றாடத்தில் இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஒற்றை அறை வாடகை வீட்டில் பிள்ளைக்கு ஒதுங்க இடம் கிடையாது. குடித்துவிட்டு வரும் அப்பாவின் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே டிவியை அணைத்துவிட்டு, தூங்குவதுபோல் போர்வைக்குள் கிடக்கிறது. அவர் செருப்பைக் கழற்றும் வேகத்திலேயே அந்த இரவு எப்படிப் போகும் என்று கணிக்கிறது. பூந்தமல்லிப் பக்கத்து அடுக்குமாடி வீடுகளிலும் இது உண்டு. இப்படி எந்நேரமும் ஆபத்தை எதிர்பார்த்துப் பழகிய பையனுக்கு, வளர்ந்தபின் மனைவியின் சாதாரணக் கேள்விகூட அவமதிப்பாகப் படுகிறது. பேச்சுக்கு முன் கை எழுகிறது. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று கேட்டு வளர்ந்த பெண், அடியையும் சந்தேகத்தையும் பாசத்தின் பங்காக ஏற்றுக்கொள்கிறாள். சண்டையைப் பேசித் தீர்ப்பதை இருவருமே வீட்டில் பார்த்ததில்லை.

ஆனாலும் இது தலைவிதி அல்ல. அமெரிக்க ஆய்வாளர் கேத்தி விடம் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், கொடுமைக்கு ஆளான பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பிற்காலத்தில் வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானதே இல்லை. நம்பிப் பேச ஒரு பாட்டியோ ஆசிரியரோ இருப்பதும், மனநல ஆலோசனையும், குடியை விடுவதும் இந்தத் தொடரை அறுக்க உதவுகின்றன. பட்ட அடி ஒருவரின் கோபத்துக்குக் காரணம் சொல்லலாம். அவர் கொடுக்கும் அடிக்கு நியாயம் ஆகாது.

போனைப் பிடுங்கிப் பார்ப்பது, தோழிகளோடு பேசவிடாமல் தடுப்பது, "உன்னாலதான் அடிச்சேன்" என்பது ஆகியவை காதலிக்கும் காலத்திலேயே தெரியும் வன்முறையின் அறிகுறிகள். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் மணமான பெண்களையும், மணம் செய்யாமல் சேர்ந்து வாழும் பெண்களையும் காக்கிறது. குழந்தைகள் 1098-இலும் பெண்கள் 181-இலும் உதவி கேட்கலாம். அனைத்து மகளிர் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். அடிபடும் பிள்ளைக்கு இன்று கிடைக்கும் பாதுகாப்பு, அதன் வருங்காலக் குடும்பத்துக்கும் சேர்த்துக் கிடைக்கும் பாதுகாப்பு.