அக்டோபர் 2-இல் பிறந்த இன்னொருவர்

அக்டோபர் 2 யாருடைய பிறந்தநாள்னு கேட்டா உடனே காந்தின்னு சொல்லிடுவோம். அதே தேதியில், 1904-இல், முகல்சராயில் பிறந்த லால் பகதூர் சாஸ்திரி நம்மில் எத்தனை பேருக்கு ஞாபகம் வருவார்? எனக்கும் அவர் ஸ்கூலில் ஒரு மார்க் கேள்விதான்: 'ஜெய் ஜவான், ஜெய் கிசான்' யார் சொன்னது?

முதலில் அந்தப் பெயரைப் பார்ப்போம். சாஸ்திரி என்பது சாதிப் பெயர் இல்லை. காசி வித்யாபீடத்தில் படித்து வாங்கிய பட்டம். நாம வாங்கப்போற பி.இ. மாதிரி!

அடுத்து நம்ம ஊர் சம்பவம். 1956 நவம்பரில் அரியலூர் பக்கத்தில், மருதையாற்று வெள்ளத்தில் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது ரயில்வே மந்திரி சாஸ்திரி. பாலத்தை அவர் கட்டவில்லை, மழையும் அவர் கையில் இல்லை. ஆனாலும் ராஜினாமா செய்தார். விபத்துக்கு அவர் காரணம் இல்லை என்று சொல்லித்தான் நேருவே அதை ஏற்றுக்கொண்டார்.

1964 ஜூனில் பிரதமரானார். பிரதமரான பிறகும் சொந்த கார் வாங்கக் கையில் பணம் போதவில்லை. ஃபியட் காரின் விலை சுமார் 12,000 ரூபாய். பஞ்சாப் நேஷனல் வங்கியில் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். கடன் முடிவதற்குள் இறந்துவிட்டார். மீதியைத் தன் பென்ஷனில் இருந்து அடைத்தவர் அவர் மனைவி லலிதா.

1965-இல் ஒரு பக்கம் பாகிஸ்தானோடு போர், இன்னொரு பக்கம் வறட்சி. அமெரிக்கக் கோதுமையை நம்பியிருந்த நேரம். வாரம் ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கள் என்று மக்களைக் கேட்டார். அதை முதலில் தன் வீட்டில்தான் செய்து பார்த்தார் என்று அவர் மகன் சொல்லியிருக்கிறார். அதோடு நிற்கவும் இல்லை. அவர் உணவு மந்திரியாக்கிய நம்ம சி.சுப்பிரமணியம், மெக்சிகோவிலிருந்து அதிக விளைச்சல் தரும் கோதுமை விதைகளைக் கொண்டுவந்தார். பசுமைப் புரட்சிக்கு அதுதான் அடித்தளம்.

அவரிடம் குறையே இல்லையா? இருக்கு. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது அவர் ஆட்சியில்தான். மாணவர்கள் உட்படப் பல உயிர்கள் போன பிறகுதான், நேரு தந்த வாக்குறுதியைக் காப்பாற்றுவேன் என்று வானொலியில் உறுதி சொன்னார். அது தாமதம்தான். அதையும் மறைக்காமல் படிக்கணும்.

1966 ஜனவரி 11, தாஷ்கண்டில் மரணம். பிரதமராக இருந்தது வெறும் 19 மாதம். அதனாலேயே இரண்டு பெரிய பெயர்களுக்கு நடுவில் ஒரு சின்ன வரியாகிவிட்டார்.

எளிமைன்னா பழைய வேட்டி, சின்ன வீடுன்னு நினைத்திருந்தேன். சாஸ்திரியின் எளிமை வேற. அடுத்தவரிடம் கணக்கு கேட்கும் முன் தன் கணக்கைக் காட்டுவது அது.

போன வருஷம் எங்க டீம் புராஜெக்ட் ரிவ்யூவில் ஒரு கணக்கீடு தப்பாகிவிட்டது. "அந்தப் பார்ட் நான் பண்ணல சார்"னு முதல் ஆளாகச் சொன்னது நான்தான். உண்மைதான், நான் பண்ணல. ஆனா டீம் லீடர் நான்தானே! அரியலூரைப் படித்த அன்று அந்த வரிதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

இன்னும் சில மாதத்தில் நாமும் வேலைக்குப் போவோம், பாலமோ மென்பொருளோ ஏதோ ஒன்றைக் கட்டுவோம். அது உடையும் நாளில் நீங்க என்ன சொல்வீங்க? இப்பவே யோசிச்சு வைங்க.