தேடலின் களிப்பும் களைப்பும்: உடல் தேறும் காலத்தில் திறந்த உலக விளையாட்டுகள்

கால் எலும்பு முறிந்து ஆறு வாரம் ஊன்றாமல் இருக்க வேண்டியவர், கீமோதெரபியின் இரு சுற்றுகளுக்கு இடையே வீட்டில் ஓய்வெடுப்பவர், வாரம் மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்பவர் ஆகியோருள் பலர் இன்று வீடியோ விளையாட்டுகளை நாடுகின்றனர். “நாள் முழுவதும் அதிலேயே கிடக்கிறான், அதனால்தான் இப்படிச் சோர்ந்து போகிறான்” என்று குடும்பத்தார் எங்களிடம் முறையிடுவதுண்டு. “அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்” என்று நோயாளர் கூறுவதும் உண்டு. இரண்டு கூற்றிலும் உண்மை இருக்கிறது. ஆயினும், விளையாட்டினால் வரும் சோர்வையும் நோயினால் வரும் சோர்வையும் பிரித்தறியாவிடில், சிகிச்சை தேவைப்படும் ஓர் அறிகுறி கவனிக்கப்படாமலே போகக்கூடும். அவ்வேறுபாட்டை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

திறந்த உலகம் என்பது யாது?

பழைய விளையாட்டுகள் பலவற்றில் ஒரு கட்டத்தை முடித்த பின்னரே அடுத்த கட்டத்திற்குச் செல்ல இயலும். திறந்த உலக விளையாட்டுகளிலோ மலை, காடு, நகரம் யாவும் ஒரே பெருநிலமாக விரிந்திருக்கும், எத்திசையிலும் செல்லலாம். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1986-இல் வெளியிட்ட ‘தி லெஜண்ட் ஆஃப் செல்டா’ இவ்வகைக்கு ஒரு முன்னோடி. அதனை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோ, கியோட்டோவுக்கு அருகில் சிறுவனாகக் காடுகளிலும் குகையிலும் சுற்றித் திரிந்த அனுபவமே அதற்குத் தூண்டுதல் என்று கூறியிருக்கிறார். படுக்கையை விட்டு அகல முடியாத ஒருவருக்கு இத்தகைய உலகம் ஏன் இனிக்கிறது என்பது இதிலிருந்தே விளங்கும். உடல் செல்ல இயலாத இடங்களுக்கு மனம் சென்று வருகிறது.

தேடல் ஏன் களிப்பூட்டுகிறது?

நமது மூளையின் பக்கவாட்டில், உட்புறமாக, ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதி உள்ளது. இடங்களை அறிவதும் புதிய நினைவுகளைப் பதிப்பதும் அதன் முதன்மைப் பணிகள். நாம் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதைக் குறிக்கும் செல்கள் அங்கு உள்ளன என்பதை ஜான் ஓ’கீஃப் 1971-இல் எலிகளிடம் கண்டறிந்தார். 2014-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. 2015-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக ஆய்வாளர்கள், இரு வாரங்கள் நாள்தோறும் 30 நிமிடம் முப்பரிமாண விளையாட்டு ஆடிய இளைஞர்களின் நினைவாற்றல் சோதனை முடிவுகள் மேம்பட்டதைக் கண்டனர். எளிய இருபரிமாண விளையாட்டு ஆடியோரிடம் அம்மேம்பாடு காணப்படவில்லை. அவ்வாய்வில் ஆடிய நேரம் அரை மணி மட்டுமே என்பதை வாசகர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

தேடல் எப்போது களைப்பாகிறது?

டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்புச் செல்களை உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்னும் அறிஞர் 1990-களில் குரங்குகளிடம் ஆராய்ந்தார். எதிர்பாராமல் பழச்சாறு கிடைத்தபோது அச்செல்கள் கிளர்ந்தன. சாறு வருவதை முன்கூட்டியே ஓர் அடையாளத்தால் அறிந்துகொண்ட பின்னர், சாற்றுக்கு அவை கிளரவில்லை. பழகிப்போன பரிசு, பரிசாக உணரப்படுவதில்லை.

இப்போது விளையாட்டின் வரைபடத்தைப் பாருங்கள். 2007-இல் வந்த ‘அஸாசின்ஸ் கிரீட்’ முதலாகப் பல விளையாட்டுகளில், உயர்ந்த கோபுரம் ஒன்றில் ஏறினால் சுற்றுப்புறத்தில் உள்ளவை வரைபடத்தில் குறிகளாகத் தோன்றும். எங்கே என்ன இருக்கிறது என்பது முன்னரே தெரிந்துவிடுகிறது. பிறகு எஞ்சுவது குறியிட்ட இடத்திற்குச் சென்று, எடுத்து, அக்குறியை நீக்குவது மட்டுமே. தேடல் அங்கே முடிந்து, கணக்குத் தீர்க்கும் வேலை தொடங்குகிறது.

2017-இல் வெளிவந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’ என்னும் விளையாட்டு இதற்கு நல்ல சான்று. அதில் 900 சிறு விதைகள் மறைத்து வைக்கப்பட்டுள்ளன. பொருள்களைச் சுமக்கும் பையை முழுமையாகப் பெரிதாக்க 441 விதைகளே போதும். 900-ஐயும் சேர்த்தவருக்குக் கிடைப்பது பயனேதுமற்ற ஒரு வேடிக்கைப் பரிசு. எப்பக்கம் நடந்தாலும் ஏதேனும் ஒன்று கண்ணில் படும் வண்ணம் அவ்விதைகள் நிறைந்துள்ளன. அனைத்தையும் திரட்ட வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. இருப்பினும் எண்ணிக்கை கண்முன் நிற்கும்போது, குறையை நிரப்ப மனம் துடிக்கிறது.

1973-இல் அமெரிக்காவில் மழலையர் பள்ளியில் நடந்த ஓர் ஆய்வும் இங்கு நினைக்கத்தக்கது. வண்ணப் பேனாவால் விரும்பி வரைந்துகொண்டிருந்த குழந்தைகளுள் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் பரிசு என்று முன்னரே கூறி அதனை வழங்கினர். பின்னாளில் அக்குழந்தைகள் தாமாக வரைவதில் காட்டிய ஆர்வம் குறைந்தது. விருப்பத்தால் செய்தது கூலிக்குச் செய்வதாக மாறும்போது இன்பம் வற்றுகிறது.

இரு சோர்வுகளை வேறுபடுத்துவது எப்படி?

விளையாட்டினால் வரும் சோர்வு, விளையாட்டை நிறுத்தினால் நீங்கும். அதனை மூடிவிட்டு உறவினருடன் பேசினாலோ, இசை கேட்டாலோ, ஓர் இரவு நன்கு உறங்கினாலோ மனம் தெளியும். பிற செயல்களில் ஆர்வம் குறைந்திராது.

நோயினாலோ மருந்தினாலோ வரும் சோர்வு அவ்வாறு நீங்குவதில்லை. உறங்கி எழுந்தபின்னும் களைப்பு தொடரும். குளிப்பதும் உண்பதும்கூடப் பெருவேலையாகத் தோன்றும். இரத்தச்சோகை, தொற்று, தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு ஆகியவை இதன் பின்னணியில் இருக்கலாம். நேற்று வரை விரும்பி ஆடிய விளையாட்டையும் ஒருவர் தொட மறுக்கிறார் எனில், “நல்லவேளை, விட்டுவிட்டான்” என்று மகிழ்ந்து இருந்துவிடாதீர்கள். அதுவே நீங்கள் எங்களுக்குத் தெரிவிக்க வேண்டிய செய்தியாக இருக்கலாம். கீமோதெரபி பெறுபவருக்குச் சோர்வுடன் காய்ச்சலும் இருந்தால், மறுநாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

நோயாளர் கவனத்திற்கு

1. தேறும் காலத்தில் உடலின் ஆற்றல் குறைவானது. இயன்முறைப் பயிற்சி, உணவு, மருந்து ஆகியவற்றை முதலில் முடியுங்கள். எஞ்சிய ஆற்றலில் விளையாடுங்கள்.

2. அரை மணிக்கு ஒருமுறை நிறுத்துங்கள். கண்களைச் சிமிட்டித் தொலைவில் பாருங்கள். மருத்துவர் அனுமதித்த அளவில் கணுக்கால்களை அசையுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் நெடுநேரம் அசையாதிருந்தால் கால் சிரைகளில் இரத்தம் உறையக்கூடும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ அது அவசரநிலை.

3. தலையில் அடிபட்டவர்கள் முதல் இரு நாட்கள் திரையைத் தவிர்ப்பது நலம். வலிப்பு நோய் உடையவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே விளையாட வேண்டும். தலைசுற்றலோ குமட்டலோ தோன்றினால் உடனே நிறுத்துங்கள்.

4. டயாலிசிஸ் நடக்கும்போது ஊசி ஏற்றிய கையை அசைத்து ஆடலாகாது.

5. விளையாட்டின் அமைப்புகளில் வரைபடக் குறிகளை மறைக்கும் வசதி இருப்பின் பயன்படுத்துங்கள். இன்று ஒரு மலை, நாளை ஓர் ஊர் என்று சிறுகச் சென்றால் தேடலின் சுவை மீளும். எல்லாவற்றையும் முடிக்க வேண்டும் என்று எவரும் உங்களைப் பணிக்கவில்லை.

பராமரிப்போர் கவனத்திற்கு

“எத்தனை மணி நேரம் ஆடினாய்?” என்று கேட்டால் பெரும்பாலும் சண்டையே மூளும். “இன்று அங்கே என்ன கண்டாய்?” என்று கேட்டுப் பாருங்கள். வியப்புடன் விவரித்தால், தேடல் உயிர்ப்புடன் இருக்கிறது. “இன்னும் நாற்பது பாக்கி” என்று சலிப்புடன் விடை வந்தால், விளையாட்டு வேலையாகிவிட்டது. அவரை அன்போடு வேறு பக்கம் திருப்ப அதுவே தக்க தருணம்.

மிகுதியாக ஆடுவோர் அனைவரும் அடிமையானவர் அல்லர். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றுள்ளது; 2019-இல் ஏற்கப்பட்ட அவ்வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டுப்பாடு இழத்தல், மற்ற அனைத்தையும்விட விளையாட்டை முதன்மையாக்குதல், தீங்கு நேர்ந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் பொதுவாக ஓராண்டளவு நீடித்து, வாழ்வைக் கடுமையாகப் பாதித்தால்தான் அப்பெயர் பொருந்தும். ஆறு வாரம் படுக்கையில் இருப்பவர் மிகுதியாக ஆடுவதை மட்டும் வைத்து அவருக்கு அப்பெயரைச் சூட்டலாகாது. எனினும் மருந்தையும் உறக்கத்தையும் விட்டு ஆடுகிறார் எனில், ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை, எங்களிடம் கூறுங்கள்.

அடுத்த முறை புறநோயாளர் பிரிவுக்கு வரும்போது, ஒரு வாரத்திற்கான சிறு குறிப்பேட்டை உடன் கொண்டு வாருங்கள். உறங்கிய நேரம், விளையாடிய நேரம், விளையாடுவதற்கு முன்னும் பின்னும் சோர்வு எவ்வளவு என்பதைப் பத்துக்கு இத்தனை என்று அதில் எழுதியிருந்தால் போதும். சோர்வின் காரணத்தை உங்களுடன் சேர்ந்து ஆராய அக்குறிப்பு எங்களுக்குப் பெரிதும் உதவும்.