'பரையா' என்ற ஆங்கிலச் சொல்: செய்தி மேசைக்குப் புதியவர்களுக்குச் சில அறிவுரைகள்

மொழிபெயர்ப்புப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கையருக்கு,

வெளிநாட்டுச் செய்திகளில் 'பரையா ஸ்டேட்' என்ற தொடர் அடிக்கடி உங்கள் கண்ணில் படும். உலகம் ஒதுக்கிவைத்த நாடு என்ற பொருளில் எழுதுகிறார்கள். அந்தச் சொல் நம் மண்ணில் வாழும் ஒரு சமூகத்தாரின் பெயர். அதைக் கையாளும் முன் இவற்றை மனத்தில் வையுங்கள்.

1. பிறப்பிடம் தெரிந்துகொள்ளுங்கள். 'பறையர்' என்ற தமிழ்ச் சொல்லே இதன் மூலம். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபாரில் இருந்த போர்த்துக்கீசியர் துவார்த்தே பர்போசா இந்தப் பெயரைத் தம் குறிப்புகளில் எழுதினார். அடுத்த நூற்றாண்டில் அது ஆங்கிலத்தில் ஏறியது. முதலில் ஒரு சாதியைக் குறித்த சொல், 19ஆம் நூற்றாண்டில் சமூகம் தள்ளிவைத்த எவரையும் குறிப்பதாக விரிந்தது.

2. 'பறை அடிப்பவர்' என்ற அகராதி விளக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். புறநானூற்றின் 335ஆம் பாடல், பறையனைத் துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு சேர்த்துச் சிறந்த நான்கு குடிகளுள் ஒன்றாகச் சொல்கிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'உழப்பறையர்' வருகிறார்கள். நிலத்தை உழுது ஊருக்குச் சோறிட்ட உழைப்பாளிகள் அவர்கள். இந்த வரலாற்றில் ஒரு துளிகூட அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் இல்லை. ஒதுக்கப்பட்ட நிலை ஒன்றை மட்டும் அது எடுத்துக்கொண்டது.

3. நல்ல நோக்கத்தோடு பயன்படுத்தியவர்களையும் படியுங்கள். பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்டின் த சேன்பியர் 1791இல் எழுதிய 'இந்தியக் குடிசை' என்ற கதையில் பறையர் ஒருவரையே ஞானியாகக் காட்டினார். 1838இல் மற்றொரு பிரெஞ்சு எழுத்தாளர் ப்ளோரா திரிஸ்தான் தம் பெரு நாட்டுப் பயண நூலின் தலைப்பிலேயே தம்மை இந்தச் சொல்லால் அழைத்துக்கொண்டார். 1944இல் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட் யூதர்களின் நிலையை விளக்க இதையே எடுத்தார். பரிவோடுதான் எழுதினார்கள். ஆனாலும் உலகத்தார் நாவில் சொல் நிலைத்தது. சொல்லுக்குரிய மக்கள் மறைந்துபோனார்கள்.

4. உயிரினங்களின் பெயர்களிலும் கவனம் வேண்டும். வெள்ளைத் தலையும் செந்நிற உடலும் கொண்ட பருந்துக்கு 'பிராமினி கைட்' என்றும், குப்பைமேட்டில் வட்டமிடும் கருநிறப் பருந்துக்கு 'பரையா கைட்' என்றும் ஆங்கிலேயர் பெயர் வைத்தார்கள். சாதி ஏணியை வானத்திலும் சாத்திவைத்தார்கள். நிறத்தைப் பார்த்துச் செம்பருந்து, கரும்பருந்து என்று சொல்லும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. அப்படியே எழுதுங்கள். 'பரையா டாக்' என்று வந்தால் நாட்டு நாய் என்று எழுதுங்கள்.

5. சொல்லைப் பெயர்க்காதீர்கள், செய்தியைப் பெயருங்கள். 2019இல் அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் விவாதத்தில் ஜோ பைடன் சவூதி அரேபியாவைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லைச் சொன்னார். 'சவூதியைத் தீண்டத்தகாத நாடாக்குவோம்' என்று எழுதினால், தீண்டாமையை ஏதோ தண்டனைபோல ஆக்கிவிடுவீர்கள். குற்றம் செய்ததால் யாரும் தீண்டாமைக்கு ஆளாகவில்லை. 'சவூதியை உலக அரங்கில் ஒதுக்கிவைப்போம்' என்றால் பொருள் முழுதாக வந்துவிடுகிறது. யார் ஒதுக்கினார்கள், எதற்காக என்று தெரிந்தால் அதையும் சேருங்கள். 'நிறவெறி ஆட்சியால் பல நாடுகள் புறக்கணித்த தென்னாப்பிரிக்கா' என்பது எந்த அடைமொழியையும்விடத் தெளிவானது.

6. அந்தப் பெயரையே எழுதக் கூடாது என்று நினைத்துவிடாதீர்கள். பறையர்களின் தலைவர் இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கிய பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பெயர் வைத்தார். பிறர் இழிவாக்கிய பெயரைத் தலைநிமிர்ந்து சொன்ன துணிவு அது. அதே மக்களின் மற்றொரு தலைவரான எம்.சி. ராஜாவோ அந்தப் பெயருக்கு மாற்றாக வேறு பெயர் வேண்டும் என்று போராடினார். அதன் பயனாக 1922இல் சென்னை மாகாண அரசு 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை ஏற்றது. இந்த இரண்டு வரலாறுகளையும் எழுதும்போது பெயரை மறைக்காதீர்கள். வசையாக வரும் இடத்தில்தான் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

7. 'அகராதியில் இருக்கிறதே' என்று மூத்தவர்கள் சொன்னால் பணிவோடு மறுத்துப் பேசுங்கள். ஒரு சொல் எப்படி வழங்குகிறது என்பதை அகராதி சொல்லும். அதை நம் பக்கத்தில் அச்சிடலாமா என்பது நாம் எடுக்க வேண்டிய முடிவு. ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தாலும் 'அவுட்காஸ்ட்', 'ஐசொலேட்டட்' போன்ற சொற்கள் இருக்கின்றன, அவை போதும்.

நம் பத்திரிகையை அந்தச் சமூகத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். தங்கள் பெயர் இழிவின் மறுபெயராக அச்சாகியிருப்பதை அவர்கள் ஒருநாளும் நம் பக்கங்களில் பார்க்கக் கூடாது. அதற்குப் பொறுப்பு இனி உங்களுடையது.